விண்ணப்பத்தை மென்பொருள் எப்படிச் சலிக்கிறது?

பெரிய நிறுவனங்களின் இணையதளத்தில் நாம் பதிவேற்றும் சுயவிவரக் குறிப்பை மனிதவளத் துறையினர் பார்ப்பதற்கு முன்பே, பெரும்பாலும், ஒரு மென்பொருள் படித்து முடித்திருக்கும். அது கோப்பிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பெயர், படிப்பு, பணியாற்றிய ஆண்டுகள், திறன்கள் எனத் தனித்தனிக் கட்டங்களில் நிரப்புகிறது. அருகருகே இரண்டு பத்திகளாக அமைந்த பக்கத்தைச் சில மென்பொருள்கள் இடமிருந்து வலமாக ஒரே வரியாக வாசித்துவிடுவதால், ஒரு பத்தியிலுள்ள பதவியின் பெயர் அடுத்த பத்தியிலுள்ள கல்லூரியின் பெயரோடு கலந்துவிடுவதுண்டு.

அடுத்த கட்டம் சலிப்பது. இன்ன பட்டம் வேண்டும், இத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்று நிறுவனம் வகுத்த விதிகளுள் ஒன்று பொருந்தாவிட்டாலும் விண்ணப்பம் ஒதுக்கப்படலாம். அமெரிக்காவில் ஐட்யூட்டர்குரூப் என்ற இணையவழிக் கல்வி நிறுவனத்தின் மென்பொருள், 55 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களையும் 60 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களையும் தானாகவே நிராகரித்தது என்று அந்நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2022இல் வழக்குத் தொடுத்தது. நிராகரிக்கப்பட்ட ஒருவர், பிறந்த தேதியை மட்டும் பிந்தையதாக மாற்றி அதே விண்ணப்பத்தை மீண்டும் அனுப்பியபோது நேர்காணலுக்கு அழைப்பு வந்ததாக ஆணையம் கூறியது. 2023இல் 3,65,000 டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இங்கே விதி வெளிப்படையானது, தேடினால் கண்டுபிடித்துவிடலாம். பழைய விண்ணப்பங்களிலிருந்து தானே கற்றுக்கொண்டு மதிப்பெண் போடும் மென்பொருளில் அத்தகைய வரி எதுவும் எழுதப்பட்டிராது என்பதால், அதுவே எனக்கு அதிகக் கவலை தருகிறது. அமேசான் 2014இல் அப்படியொன்றை உருவாக்கத் தொடங்கி, பத்தாண்டுக் காலத்தில் தனக்கு வந்த விண்ணப்பங்களைப் பயிற்சிக்குக் கொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. ஆகவே, ‘பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவர்’ என்பது போல ‘பெண்கள்’ என்ற சொல் வரும் விண்ணப்பங்களுக்கு அது மதிப்பெண்ணைக் குறைத்தது. அச்சொல்லைப் பொருட்படுத்தாதபடி திருத்திய பிறகும், வேறு வழிகளில் பாகுபாடு நுழையாது என்ற உறுதி கிடைக்காததால் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2018இல்தான் ராய்ட்டர்ஸ் செய்தியால் இது வெளியுலகுக்குத் தெரிந்தது.

இத்தகைய கருவிகளை ஆண்டுதோறும் சார்பற்ற தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்ற நியூயார்க் நகரச் சட்டம் 2023 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தப்படுகிறது. ஆனால், அத்தணிக்கை பாலினத்தையும் இனத்தையும் மட்டுமே கணக்கில் எடுக்கக் கட்டாயப்படுத்துகிறது. ஐட்யூட்டர்குரூப் வழக்கின் மையமான வயது அதில் இடம்பெறவில்லை.