பாதித் தட்டில் ஒரு கடல்

"நிலா ஒன்றுதானே இருக்கிறது? பிறகு ஏன் ஒரு விரிகுடாவில் கடல் ஐந்து மாடி உயரம் ஏறி இறங்குகிறது, வேறோர் இடத்தில் முழங்கால் அளவுகூட ஏறுவதில்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கூடவே இன்னொரு கேள்வி: "நிலா பூமிக்குப் பக்கத்தில் வந்தால் புயல் வரும் என்கிறார்களே, உண்மையா?" இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம். முதல் கேள்விக்குள் இருக்கும் இயற்பியல் எனக்கு மிகவும் பிடித்தது. அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

பள்ளியில் படித்ததை வேகமாக நினைவுபடுத்திக்கொள்வோம். நிலா தன் பக்கமுள்ள கடலைச் சற்று அதிகமாகவும் மறுபக்கத்துக் கடலைச் சற்றுக் குறைவாகவும் இழுக்கிறது. அந்த வித்தியாசத்தால் பூமியின் இரு பக்கமும் நீர் லேசாகப் புடைக்கிறது. பூமி சுழல்கிறது, நிலாவும் நகர்கிறது. ஆக 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை ஏற்றம் வருகிறது. சூரியனுக்கும் இதில் பங்கு உண்டு, நிலாவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஓதம், அதாவது கடலின் இந்த ஏற்ற இறக்கம், பெரிதாகிறது. அரைநிலா நாட்களில் சிறிதாகிறது. சரி, இதுவரை தெரிந்த கதை.

பள்ளிப் புத்தகம் சொல்லாமல் விடும் ஒன்று இருக்கிறது. பூமி முழுவதும் ஒரே ஆழக்கடல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நிலாவால் நீரை உயர்த்த முடிந்தது சுமார் அரை மீட்டர்தான். சூரியனால் கால் மீட்டர். இரண்டும் கைகோத்தாலும் ஒரு மீட்டர் தேறாது. ஆனால் கனடாவின் கிழக்குக் கரையில் ஃபண்டி விரிகுடாவின் உள்கோடியில் தாழ்நீருக்கும் உயர்நீருக்கும் உள்ள வித்தியாசம் 16 மீட்டர் வரை போகிறது. ஒரு மீட்டரைப் பதினாறாக்கியது நிலா இல்லை. வேறு யார்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு செவ்வகத் தட்டு போதும். நாற்பது சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை லேசாகத் தூக்கி இறக்குங்கள். நீர் ஒரு முனைக்கு ஓடும், திரும்பி மறுமுனைக்கு ஓடும். ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். அது அந்தத் தட்டுக்கே உரிய நேரம். தட்டை நீளமாக்கினால் நேரம் கூடும். தண்ணீரை ஆழமாக்கினால் அலை வேகமாக ஓடும், நேரம் குறையும். இப்போது தட்டை மிக மெதுவாக, கண்டபடி ஆட்டிப் பாருங்கள்: பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆனால் சரியாக ஒன்றரை விநாடிக்கு ஒரு முறை, விரலால் தொடுவதைப் போல ஆட்டினால், நாலைந்து தடவைக்குள் தண்ணீர் தட்டை விட்டு வெளியே கொட்டும். ஊஞ்சலைத் தள்ளுகிற கையைப் போலத்தான். பலம் வேண்டியதில்லை, தாளம் தப்பாமல் இருந்தால் போதும். இதன் பெயர்தான் ஒத்ததிர்வு.

தட்டில் நீர் ஆடும்போது அதன் நடுக்கோட்டைக் கவனியுங்கள். இரு முனைகளிலும் நீர் ஏறி இறங்குகிறது. நடுவில் மட்டம் அசைவதே இல்லை. ஆனால் அந்த நடுக்கோட்டின் வழியாகத்தான் நீர் முழுவதும் முன்னும் பின்னும் பாய்கிறது. முனையில் ஏற்றம் அதிகம், ஓட்டம் கிடையாது. நடுவில் ஓட்டம் அதிகம், ஏற்றம் கிடையாது. இப்போது கற்பனையில் தட்டை அந்த நடுக்கோட்டில் வெட்டி, ஒரு பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெருங்கடலை வைத்துவிடுங்கள். மீதி இருக்கும் பாதித் தட்டுதான் விரிகுடா. வெட்டிய இடம் அதன் வாய். அடைத்த முனை அதன் உள்கோடி. வாயில் கடல் கொஞ்சமாக மூச்சு விடுகிறது. உள்கோடியில் அது மலையாக ஏறுகிறது.

கணக்கு எளிது. இப்படிப்பட்ட நீண்ட அலையின் வேகம் நீரின் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. நாலாயிரம் மீட்டர் ஆழக் கடலில் மணிக்கு 700 கி.மீ., விமானத்தின் வேகத்துக்குப் பக்கத்தில். நூறு மீட்டர் ஆழத்தில் மணிக்கு 110 கி.மீ.தான். விரிகுடாவின் வாயிலிருந்து கோடிக்கு அலை போக எவ்வளவு நேரமோ, அதைப் போல நான்கு மடங்கு அந்த விரிகுடாவின் இயல்பு நேரம். நிலாவின் தாளமான 12 மணி 25 நிமிடத்தோடு அது பொருந்த வேண்டுமானால், நூறு மீட்டர் ஆழமுள்ள விரிகுடா 350 கி.மீ. நீளம் இருக்க வேண்டும். நாற்பது மீட்டர் ஆழம் என்றால் 220 கி.மீ. பெரும்பாலான விரிகுடாக்கள் இதைவிடக் குட்டையானவை. நிலா தள்ளுகிறது, அவை சும்மா கூடவே ஏறி இறங்குகின்றன. சில மட்டும் தற்செயலாகச் சரியான நீளத்துக்கும் ஆழத்துக்கும் அமைந்துவிட்டன.

ஃபண்டி அப்படி அமைந்தது. அதுவும் தனியாக இல்லை, அதற்கு வெளியே இருக்கும் மேய்ன் வளைகுடாவையும் சேர்த்துத்தான் ஆடுகிறது. கடலியலாளர் கிறிஸ் காரெட் 1972இல் இந்த இரண்டும் சேர்ந்த நீர்ப்பரப்பின் இயல்பு நேரம் சுமார் 13.3 மணி என்று கணக்கிட்டார். நிலாவின் தாளத்துக்கு மிக அருகில், ஆனால் சரியாக அதே இல்லை. வெளியே கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்பரப்பின்) விளிம்பில் ஒரு மீட்டர் அளவில் தொடங்கும் ஏற்றம், உள்ளே போகப் போகக் கரைகள் நெருங்கி, தரை மேலேறி, இன்னும் வளர்ந்து 16 மீட்டர் ஆகிறது.

அந்த "சரியாக அதே இல்லை" என்பதில்தான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒளிந்திருக்கிறது. உலகின் பெரும்பாலான கரைகளில் மாதத்தின் பெரிய ஓதம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். ஃபண்டியில் அதைவிட முக்கியமானது நிலா எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான். நிலா இருபத்தேழரை நாளுக்கு ஒரு முறை பூமிக்குக் கிட்டத்தில் வந்து போகிறது. இந்த நெருக்கமும் விலகலும் கடலுக்குத் தரும் கூடுதல் தள்ளலைக் கணிதத்தில் தனி அலையாகப் பிரித்தெடுக்கலாம். அதன் தாளம் சுமார் 12 மணி 39 நிமிடம். சூரியன் தரும் தள்ளலின் தாளம் சரியாக 12 மணி. விரிகுடாவுக்குப் பிடித்ததோ 13.3 மணி. இரண்டில் எது அதற்குக் கிட்டத்தில் இருக்கிறது? நிலாவின் நெருக்கம்தான். அதனால் விரிகுடா அதற்கு அதிகமாக ஆடுகிறது, சூரியனுக்குக் குறைவாக ஆடுகிறது. பாறையும் சேறும் உப்புநீருமான ஒரு பள்ளம், வானத்திலிருந்து வரும் பல தாளங்களில் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கிறது! வானொலியில் நிலையத்தைத் திருகிப் பிடிப்பதும் இதே இயற்பியல்தான்.

வேறு தாளத்தைப் பிடிக்கும் விரிகுடாக்களும் உண்டு. வியட்நாமுக்கும் சீனாவுக்கும் இடையே உள்ள டோங்கின் வளைகுடாவின் சில துறைகளில் நாளைக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம். நிலா நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ இருக்கும்போது ஒரு நாளின் இரண்டு புடைப்புகளும் சமமாக இருப்பதில்லை. அந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு நாள் தாளம். அந்த நீர்ப்பரப்பு அதைத்தான் பிடிக்கிறது. நிலா நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாட்களில் அங்கே கடல் ஏறாமலும் இறங்காமலும் கிடக்கும். வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1684லேயே இதை வெளியிட்டு எழுதினார்.

விரிகுடாவில் படகு ஓட்டுகிறவர்களுக்கு உயரத்தைவிட ஓட்டம்தான் பெரிய கவலை. பாதித் தட்டை நினைத்துக்கொண்டால் இதுவும் விளங்கிவிடும். இப்படி நின்று ஆடும் விரிகுடாவில், நீர் உச்சிக்கு வந்த நேரத்தில் ஓட்டம் நின்றுவிடும். அப்புறம் மெதுவாகத் தொடங்கி, உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் நடுவில், மூன்றாவது நான்காவது மணி நேரங்களில் வேகம் உச்சத்துக்குப் போகும். மொத்த இறக்கத்தில் பாதி அந்த இரண்டு மணி நேரத்திலேயே நடந்துவிடும். அந்த வேளையில் காற்று ஓட்டத்துக்கு எதிராக அடித்தால் அலைகளின் இடைவெளி சுருங்கும், உயரம் கூடும், முகம் செங்குத்தாகும். அதே காற்றில், அதே இடத்தில், ஆறு மணி நேரம் முன்னால் அமைதியாக இருந்த நீர் இப்போது சிறு படகைக் கவிழ்க்கும். வானிலை அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்புவதில் உள்ள ஆபத்து இதுதான்.

அட்டவணையில் இருப்பது வானம் தரும் ஓதம் மட்டும். அது துல்லியமானது. இயற்பியலாளர் கெல்வின் 1872இல் கப்பிகளும் கயிறும் கொண்ட ஒரு பொறி செய்து, இந்த அலைகளையெல்லாம் கூட்டி ஓதத்தை முன்கூட்டியே வரைய வைத்தார். பல ஆண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு நாளின் உயர்நீர் நேரத்தைக்கூட இப்போது நிமிடக் கணக்கில் சொல்லலாம். ஆனால் அந்த நாளின் காற்றை யாராலும் சொல்ல முடியாது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும். ஒரு புயலின் நடுவில் அழுத்தம் வழக்கத்தைவிட ஐம்பது மில்லிபார் குறைவு என்றால் அரை மீட்டர் அங்கேயே வந்துவிட்டது. காற்று அதற்கு மேல். கரையை நோக்கி அடிக்கும் காற்று நீரைத் தள்ளிக் குவிக்கும். காற்றின் வேகம் இருமடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும்; நீர் ஆழம் குறைந்த இடத்தில் குவிவது அதிகம், ஏனென்றால் குவிந்த நீர் அடிவழியே திரும்பிப் போக இடமில்லை. ஆழமற்ற, புனல் போல் குறுகும் விரிகுடா இதில் எல்லாவற்றையும்விட மோசம். 1970 நவம்பர் 12 இரவு வங்காள விரிகுடாவின் தலைப்பகுதியைத் தாக்கிய புயலின் நீர்ச்சுவர் உயர் ஓத வேளையில் வந்து சேர்ந்தது. இறந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்பது கணிப்பு. சில மணி நேரம் முன்னோ பின்னோ வந்திருந்தால் நீர்மட்டம் அவ்வளவு உயர்ந்திருக்காது.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. 1868இன் கடைசியில் ஸ்டீபன் சாக்ஸ்பி என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு அக்டோபர் 5 அன்று அமாவாசை, நிலா பூமிக்கு மிக அருகில், அதுவும் நிலநடுக்கோட்டுக்கு மேலே. அதனால் பெரிய ஓதமும் புயலும் வரும் என்றார். எங்கே என்று சொல்லவில்லை. 1869 அக்டோபர் 4 இரவு ஃபண்டியைப் பெரும் புயல் தாக்கியது. கடல் தடுப்பணைகளைத் தாண்டி வயல்களுக்குள் புகுந்தது, கால்நடைகளை அடித்துச் சென்றது. இன்றும் அதன் பெயர் சாக்ஸ்பி புயல்.

அவர் சொன்னதில் பாதி அறிவியல், பாதி தற்செயல். ஓதம் பெரிதாக இருக்கும் என்பது கணக்கு. அது பெரும்பாலான கரைகளில் பலித்திருக்கும். புயல் வேறு. அது வெதுவெதுப்பான கடலிலும் காற்றிலும் பிறக்கிறது, நிலாவைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அக்டோபரில் எங்காவது ஒரு புயல் இருக்கும். நிலா பெரிதாகத் தெரியும் ஒவ்வொரு முறையும் நிலநடுக்கம், புயல், பேரழிவு என்று பயமுறுத்துகிறவர்கள் இதே வழியில்தான் போகிறார்கள்: இடத்தைச் சொல்லமாட்டார்கள், பலித்ததை மட்டும் நினைவில் வைப்பார்கள். "மனித உடம்பிலும் தண்ணீர்தானே, நிலா அதையும் இழுக்காதா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓதம் என்பது இழுவிசை அல்ல, இரண்டு இடங்களுக்கு இடையிலான இழுவிசை வித்தியாசம். அதற்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலம் வேண்டும். வட அமெரிக்காவின் பேரேரிகள் கண்ணுக்கெட்டாத அகலம் கொண்டவை. அங்கேயே நிலா ஏற்றும் நீர் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. தலைக்கும் காலுக்கும் இடையே ஒன்றும் நடக்காது.

இந்தப் பயங்களுக்கு எதிரே நம் கையில் இருப்பது அளவீடு. கரையில் ஒரு குழாய், அதற்குள் ஒரு மிதவை, நாளெல்லாம் நீர்மட்டத்தைப் பதியும் ஒரு கருவி. பார்க்கக் கவர்ச்சியே இல்லாத வேலை. நிலாவின் பாதைச் சாய்வு ஒரு முழுச் சுற்று சுற்றி வர 18.6 ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒரு துறைமுகத்தின் ஓதத்தை முழுசாக அறிய ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுப் பதிவு வேண்டும். பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் 1807 முதல் இதைச் செய்து வருகிறார்கள். ஆய்வு நிதி பெரும்பாலும் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டுத் திட்டங்களுக்கே வருகிறது. அந்தக் கணக்கில் ஒரு ஓதமானி தன் பாதி வேலையைக்கூட முடிப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். புதிய கருவி வாங்கக் கிடைக்கும் பணம், இருக்கும் கருவியை இருபது ஆண்டுகள் சுத்தமாக வைத்திருக்கவும் கிடைக்க வேண்டும்.

அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் என்ன தெரியாமல் போயிருக்கும் என்பதற்கும் ஃபண்டியே உதாரணம். 1970களில் அதன் உள்கோடியில் அணை கட்டி ஓதத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று திட்டமிட்டார்கள். அணை கட்டினால் பாதித் தட்டு குட்டையாகும். குட்டையானால் இயல்பு நேரம் 13.3 மணியிலிருந்து இறங்கி நிலாவின் தாளத்தை இன்னும் நெருங்கும். அதாவது கோடியில் சுவர் எழுப்பினால், அந்தச் சுவருக்கு வெளியே இருக்கும் நீர்ப்பரப்பு முழுவதும் முன்னைவிடப் பெரிதாக ஆடத் தொடங்கும். அளந்து வைத்திருந்த ஓதங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த கணினி மாதிரியில் இதைப் போட்டுப் பார்த்தார்கள். பல நூறு கிலோமீட்டர் தள்ளி, வேறொரு நாட்டில் இருக்கும் பாஸ்டன் துறைமுகத்தில் உயர்நீர் சுமார் பதினைந்து சென்டிமீட்டர் உயரும் என்று விடை வந்தது.