கண்ணுக்குப் பதிலாக ஓர் ஆணி

சதுரக் கற்கள் பதித்த தரையை வரையும்போது, பின்னால் செல்லச் செல்லக் கல்வரிசைகள் எவ்வளவு குறுக வேண்டும் என்ற கேள்விக்கு, நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் முதன்முதலாக முறையான விடை தந்தவர் இத்தாலியரான லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி. 1435-இல் அவர் எழுதிய ஓவிய நூல், பொருள்களிலிருந்து கண்ணில் வந்து குவியும் பார்வைக் கதிர்களைக் குறுக்கே வெட்டும் தளமே ஓவியம் என்கிறது.

அக்கால ஓவியர் சிலர் ஒவ்வொரு வரிசையையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து வரைந்தனர். அது பிழை என்கிறார் ஆல்பெர்ட்டி. கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் தெளிவாகும். கண் தரையிலிருந்து 3 முழ உயரத்திலும் படத்திலிருந்து 6 முழத் தொலைவிலும் இருக்க, ஒவ்வொரு கல்லும் ஒரு முழம் எனக் கொண்டால், வடிவொத்த முக்கோணங்களின்படி முதல் வரிசை படத்தில் சுமார் 0.43 முழமும், அடுத்தது 0.32 முழமும், மூன்றாவது 0.25 முழமும் உயரம் பெறும். குறையும் விகிதம் முதலில் 0.75, பிறகு 0.78 என மாறிக்கொண்டே போகிறது. நிலையான பின்னம் எதுவும் இதற்குப் பொருந்தாது. வரைந்தது சரியா என்று பார்க்க அவர் தரும் சோதனை மிக அழகானது: ஒரு கல்லின் மூலைவிட்டத்தை நீட்டினால், அது அடுத்தடுத்த கற்களின் மூலைவிட்டங்களோடு ஒரே நேர்கோடாக அமைய வேண்டும்.

ஆல்பெர்ட்டி கருத்தாகச் சொன்ன கதிரைக் கையால் தொடக்கூடிய நூலிழையாக்கியவர் ஜெர்மன் ஓவியரான ஆல்பிரெக்ட் டியூரர். தச்சர், பொற்கொல்லர், கல்தச்சர் போன்றோரும் பயன்பெற ஜெர்மன் மொழியில் எழுதி, 1525-இல் நியூரம்பர்கில் அவர் வெளியிட்ட அளவியல் நூலின் இறுதியில், லூட் என்னும் நரம்பிசைக் கருவியை இருவர் சேர்ந்து வரையும் மரச்செதுக்குப் படம் உள்ளது. சுவரில் அடித்த துளையுள்ள ஆணி வழியே ஒரு நூல் செல்கிறது. அதன் ஒரு முனையில் ஈயக் குண்டு தொங்க, மறுமுனையில் கட்டிய ஊசியை உதவியாளர் லூட்டின் ஒரு புள்ளியில் வைக்கிறார். இடையே நிற்கும் மரச்சட்டத்தை நூல் கடக்கும் இடத்தில், சட்டத்தில் கட்டிய வேறு இரண்டு நூல்களைக் குறுக்காகச் சந்திக்க வைத்து, மெழுகால் ஒட்டுகிறார் மற்றவர். பிறகு நீண்ட நூலை விலக்கி, கீல் பொருத்திய பலகையைக் கதவுபோல் மூடி, நூல்கள் சந்திக்கும் இடத்தில் தாளில் புள்ளி வைக்கிறார். இப்படியே புள்ளி புள்ளியாக லூட்டின் வடிவம் முழுவதும் தாளில் இறங்குகிறது. வளைந்த முதுகும் ஒடிந்து திரும்பும் கழுத்தும் கொண்ட லூட்டைக் கண்மதிப்பில் சரியாக வரைவது எவ்வளவு கடினம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும்.

இந்த ஏற்பாட்டில் பார்ப்பவரின் கண்ணே தேவையில்லை. ஆணியின் துளைதான் கண். டியூரரின் அதே புத்தகத்தில் வரும் மற்றொரு கருவியில், ஓவியர் கண்ணை ஓரிடத்தில் நிலைநிறுத்திக் கண்ணாடித் தகட்டின் மேல் நேரடியாக வரைகிறார். அங்கே தகடு கைக்கு எட்டும் தொலைவில் இருந்தாக வேண்டும் என்பதால், பார்வைப் புள்ளி படத்துக்கு மிக அருகில் அமைந்து, அகன்ற பொருள்களின் ஓரங்கள் நீண்டு தோன்றும். ஆணியையோ அறையின் நீளம் அனுமதிக்கும் அளவுக்குப் பின்னால் அடிக்கலாம்.