கூட்டாளி ஏஐ ஏமாற்றுகிறதா? போர் அறிவிக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

"வார் அறிவிச்ச மறு டர்னே கூட்டாளி கழண்டுக்கிட்டான், இந்த ஏஐ சீட்டிங் பண்ணுது." ஸ்ட்ராடஜி கேம்களைச் சோதிப்பவர்களின் மேசைக்கு ஓயாமல் வரும் புகார் இது. ஏஐ என்றால் இங்கே கம்ப்யூட்டரே ஆடும் எதிரியோ கூட்டாளியோ. இதில் பெரும்பாலும் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கும்.

ஒன்று, ஏஐ-க்குத் தரப்படும் கூடுதல் பலம். சிவிலைசேஷன் 6-ல் டெய்ட்டி என்ற உச்சச் சிரம நிலையில் தொடக்கத்தில் உங்களுக்கு ஒரு செட்லர் (நகரம் நிறுவும் குழு), ஏஐ-க்கு மூன்று. சமம் இல்லைதான். ஆனால் அது நீங்களே மெனுவில் தேர்ந்தெடுத்த சிரமம். இன்னொன்று, வாக்கு. வாக்கை நீங்கள் மீறினால் என்ன விலை, ஏஐ மீறினால் என்ன விலை, அந்த விலை முன்கூட்டியே உங்கள் கண்ணில் படுகிறதா? கூட்டணியில் நியாயம் பேச வேண்டிய இடம் இந்த இரண்டாவதுதான்.

இதைத் திறந்து காட்டும் கேம் என்றால் 2013-ல் வந்த யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4. கூட்டாளியைப் போருக்கு அழைக்கும் முன், அது சம்மதிப்பதற்கும் மறுப்பதற்கும் உள்ள காரணங்கள் ப்ளஸ், மைனஸ் எண்களாகத் திரையில் வரும். மொத்தம் ப்ளஸில் நின்றால் வரும், இல்லையென்றால் வராது. கூட்டாளி உங்களை எவ்வளவு நம்புகிறது என்பதைக் காட்டும் டிரஸ்ட் என்ற எண் 0 முதல் 100 வரை. பொதுவாக 50-ல் தொடங்கும். 2015-ல் வெளியான தி கோசாக்ஸ் விரிவாக்கம் இதோடு ஃபேவர் முறையைச் சேர்த்தது. மொய் நோட்டு மாதிரிதான்: கூட்டாளியின் சண்டைக்கு நீங்கள் போனால் உங்கள் பெயரில் வரவு, நீங்கள் தொடுக்கும் போருக்கு அதைக் கூப்பிட்டால் 10 ஃபேவர் செலவு. உங்களை யாராவது தாக்கினால் உதவிக்கு அழைக்க ஃபேவர் தேவையில்லை.

பத்து சேராதபோது நிலம் தருவதாகச் சொல்லி அழைக்கும் வழியும் உண்டு. மாட்டிக்கொள்வது இங்கேதான். போர் முடிந்து பீஸ் டீல் (சமாதான ஒப்பந்தம்) திறந்ததும் எல்லா மாகாணத்தையும் தன் பெயரில் எழுதிக்கொள்வது ஆட்டக்காரரின் இயல்பு. பங்கு கிடைக்காத கூட்டாளியின் டிரஸ்ட் சரியும். அடுத்த அழைப்புக்கு மறுப்பு வரும். சீட்டிங் என்ற புகார் எழுவது அந்த இரண்டாவது போரில்தான், காரணம் இருப்பதோ முதல் போரின் ஒப்பந்தத்தில். ஆகவே நிலம் தருவதாக அழைத்தால், கூட்டாளி எந்த மாகாணங்களில் கண் வைத்திருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். அதே மாகாணம் உங்களுக்கும் வேண்டும் என்றால் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். ஃபேவர் சேரும்வரை பொறுங்கள்.

ஓர் உதாரணம். நீங்கள் காஸ்டில், கூட்டாளி போர்ச்சுகல், இலக்கு கிரனடா. போர் அறிவிக்கும் சாளரத்தில் போர்ச்சுகல் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருக்கிறதா, சிவப்புக் குறி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் அதன் மேல் மவுஸை வையுங்கள். கடன், தூரம், போர்க்களைப்பு, எதிரியோடு நடப்பில் உள்ள ட்ரூஸ் (போர்நிறுத்தம்), எதிரியும் அதற்குக் கூட்டாளியாக இருப்பது என்று தடைகள் பெயரோடு வரும். அந்த டிக் அந்த நொடிக்கு மட்டுமே செல்லும். படையை எல்லைக்கு நகர்த்த நான்கு மாதம் எடுத்துக்கொண்டால், அதற்குள் போர்ச்சுகல் கடன் வாங்கியிருக்கலாம், வேறு சண்டைக்குப் போயிருக்கலாம். படை நின்ற பிறகு சாளரத்தை மறுபடி திறந்து பார்த்துவிட்டே அறிவியுங்கள். கிரனடாவுக்குத் துணையாக மொராக்கோ வந்தால் அதைக் கோ-பெலிஜரண்ட் (போரில் சம எதிரி) ஆக்குவதற்கு முன்னும் யோசியுங்கள். அந்தப் பெட்டியில் டிக் போட்டதும் மொராக்கோவின் கூட்டாளிகளும் உள்ளே வர வழி திறந்துவிடும்.

இந்தக் கேமில் உண்மையான பாரபட்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது. லக்கி நேஷன்ஸ் என்ற அமைப்பு சில நாடுகளுக்கு போனஸ் தருகிறது. அந்த நாட்டை ஏஐ ஆடினால்தான் போனஸ். நீங்கள் எடுத்தால் கிடையாது. சாதாரண ஆட்டத்தில் தொடக்க அமைப்பிலேயே இதை அணைத்துவிடலாம். இதைத் தொடாமல் ஆடிவிட்டுக் கூட்டாளியின் குணத்தைக் குறை சொல்பவர்கள் நிறைய.

நேர்எதிரான உதாரணம் 2011-ல் வந்த ஷோகன் 2 டோட்டல் வார். உங்கள் புகழ்க் கோடு நிரம்பினால், அல்லது கியோட்டோவைப் பிடித்தால், ரியல்ம் டிவைட் தொடங்கும். ஜப்பானை ஆளும் படைத்தலைவரான ஷோகன் உங்களை எதிரி என்று அறிவிப்பார். எல்லாக் குலங்களோடும் உங்கள் உறவில் ஒரு மைனஸ் விழும். அதோடு நிற்காமல் டர்ன் தோறும் ஏறும். முப்பது டர்ன் கூடவே நின்ற, பெண் கொடுத்து உறவான குலமும் கடைசியில் வாளை உருவும். வடிவமைத்தவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை: பாதி வரைபடம் கையில் வந்த பிறகு மீதி ஆட்டம் வெறும் துடைப்பு வேலை ஆகிவிடக் கூடாது என்று நினைத்தார்கள். ஆனால் வாக்கைக் காத்தவருக்கும் முறித்தவருக்கும் ஒரே தண்டனை என்றாகும்போது, அதுவரை செய்த ராஜதந்திரம் முழுவதும் வீண். எங்கள் கணிப்பில் இது சிரமம் அல்ல, விதிக் கோளாறு. அடுத்த வருடம் இதன் தொடர்ச்சியாக வந்த ஃபால் ஆஃப் தி சாமுராயில் ஷோகன் பக்கம், பேரரசர் பக்கம் என்று குலங்கள் பிரிந்தன. நீங்கள் சேரும் பக்கம் உங்களுக்குத் துணையாக நின்றது. சரியான திருத்தம் அதுதான்.

ஷோகன் 2-ஐ இன்றும் ஆடுபவர்கள் புகழ்க் கோடு நிரம்ப ஒரு மாகாணம் பாக்கி இருக்கும்போது நின்றுகொள்ளுங்கள். வணிகக் கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகுவார்கள். வணிக வருமானம் இல்லாமலே படைச் சம்பளம் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். கருவூலத்தை நிரப்பி, நண்பர்களின் எல்லையிலும் ஒரு படையை நிறுத்திவிட்டு அந்தக் கடைசி மாகாணத்தைத் தொடுங்கள். டிவைடுக்குப் பிறகு அடக்கி உங்களுக்குக் கீழ்ப்படிய வைக்கும் குலங்கள் (வஸல்) பழைய மைனஸைச் சுமப்பதில்லை என்பதால் பழைய நண்பர்களைவிட நம்பகமானவை.

சிவிலைசேஷன் வரிசையில் இந்தக் கணக்கு ஒவ்வொரு பதிப்பிலும் மாறியிருக்கிறது. நான்காம் பதிப்பு (2005) உறவுக் காரணங்களை எண்ணோடு காட்டியது. அதில் ஒரு நுணுக்கம்: ஒரு தலைவரிடம் வேறொருவர் மீது போர் தொடுக்கக் கேளுங்கள். "இப்போதே கை நிறைய வேலை இருக்கிறது" என்ற பொருளில் பதில் வந்து, அவர் அந்த நேரத்தில் யாருடனும் போரில் இல்லை என்றால், யாரையோ தாக்கத் தயாராகிறார் என்று பொருள். அந்த யாரோ நீங்களாகவும் இருக்கலாம். எல்லை நகரங்களைப் பாருங்கள். ஐந்தாம் பதிப்பு 2010-ல் வந்தபோது காரணங்கள் பெரும்பாலும் மறைந்திருந்தன. கூடச் சேர்ந்து போருக்குப் போன தலைவரே பிறகு போர்வெறியர் என்று கண்டித்தபோது ஆட்டக்காரர்கள் கொதித்தது சரிதான். ஆறாம் பதிப்பின் கேதரிங் ஸ்டார்ம் (2019) கிரீவன்ஸ் (மனக்குறை) என்ற எண்ணைக் கொண்டுவந்தது: திடீர்ப் போருக்கு 150, கண்டனம் தெரிவித்து 5 டர்ன் கழித்து அறிவிக்கும் முறையான போருக்கு 100. அதே குற்றத்தை ஏஐ செய்தால் அதே எண் உங்கள் பக்கம் சேரும்.

கணக்கை மறைத்தால் கட்டுக்கதை முளைக்கும். 1991-ன் முதல் சிவிலைசேஷனில் காந்தியின் ஆக்ரோஷ எண் 1-லிருந்து பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, பிழையால் உச்ச எண்ணான 255 ஆகி, அவர் அணுகுண்டு வீசத் தொடங்கினார் என்ற கதையைக் கேட்காத கேமர் இல்லை. அப்படி ஒரு பக் இருந்ததே இல்லை என்று அந்தக் கேமை உருவாக்கிய சிட் மெயர் 2020-ல் மறுத்தும் கதை ஓயவில்லை.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் அணிகளை மாற்ற முடியாதபடி பூட்டும் லாக் டீம்ஸ் போட்டுவிட்டால் துரோகத்துக்கே இடமில்லை. பிரச்சினை கூட்டாளி சும்மா நிற்பதுதான். பலருக்குத் தெரியாதது: சாட்டில் 31 என்று அடித்தால் கூட்டாளி ஏஐ தாக்கக் கிளம்பும், 36 என்றால் உங்கள் சைகைக்குக் காத்திருக்கும், 38 என்றால் மிச்சமுள்ள வளங்களை அனுப்பும்.

கேம் செய்பவர்களுக்கும் மோட் (கேமை மாற்றும் கோப்பு) எழுதுபவர்களுக்கும்: இடம் மாற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. யூரோப்பா 4-ல் அயர்ன்மேன் (கன்சோலைத் தடுக்கும் முறை) இல்லாத சேவ் ஃபைலில் கன்சோலைத் (கட்டளை அடிக்கும் சாளரம்) திறந்து டேக் கட்டளையோடு நாட்டின் மூன்றெழுத்துக் குறியீட்டை அடித்தால் அந்த நாடு உங்கள் கைக்கு வரும், பழைய நாடு ஏஐ-யிடம் போகும். ஒரே சேவிலிருந்து ஒருமுறை நீங்கள் கூட்டணியை முறியுங்கள். மறுமுறை எதிர் இருக்கையில் அமர்ந்து முறியுங்கள். பிரஸ்டீஜ் (நாட்டின் மதிப்பு), டிரஸ்ட், மற்றவர்களின் அபிப்பிராயம் மூன்றும் இரு தரப்பிலும் ஒரே அளவு அசைகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். சேவ் ஃபைலை லோட் செய்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு மட்டும் முடிவுக்கு வராதீர்கள். சில கேம்கள் ரேண்டம் சீடை (தற்செயல் முடிவுகளைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) சேவோடு சேர்த்தே வைக்கும், பதில் மாறவே மாறாது. சிவிலைசேஷன் 4-ல் லோட் செய்யும்போது புது சீட் எடுக்கும் தேர்வு தனியாக இருக்கிறது.

புகார் அனுப்பும்போது கூட்டாளி கைவிட்ட பிறகு எடுத்த சேவ் ஃபைலை அனுப்புவதால் பயனில்லை. அழைப்பதற்கு முந்தைய டர்னின் சேவ், காரணப் பட்டியல் தெரியும் ஸ்கிரீன்ஷாட், பேட்ச் எண், சிரம நிலை ஆகியவற்றை அனுப்புங்கள். மோட்களை அணைத்துவிட்டு அதே சிக்கலை ஒருமுறை வரவழைத்துப் பார்த்தீர்களா என்பதையும் எழுதுங்கள்.