இறால் சாப்பிடவே இல்லையே டாக்டர்!

போன ஞாயிறு இரவு பத்தரை மணி இருக்கும். முப்பது வயதைத் தாண்டிய ஒருவரை பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். உதடு வீங்கியிருந்தது, உடம்பு முழுக்கத் தடிப்பு, மூச்சு விடும்போது விசில் சத்தம். ரத்த அழுத்தம் 70-க்கு இறங்கியிருந்தது. என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். "சிக்கன் ஃப்ரைடு ரைஸ்தான் டாக்டர். இறால் அவனுக்கு ஆகாது, தொடவே மாட்டான்" என்றார் நண்பர்.

தொடையில் அட்ரினலின் போட்டோம், சலைன் ஏற்றினோம், ஆக்சிஜன் வைத்தோம். இரண்டாவது ஊசிக்குப் பிறகுதான் ஒழுங்காகப் பேசினார். மறுநாள் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் இறால் ஒவ்வாமையால் இப்படி வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேருமே இறால் ஆர்டர் செய்யவில்லை.

ஃபாஸ்ட் ஃபுட் கடை அடுப்புக்கு முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இருப்பது ஒரே கடாய். இறால் நூடுல்ஸ் தட்டுக்குப் போனதும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி ஒரு சுழற்று சுழற்றுவார்கள், அடுத்த ஆர்டர் அதிலேயே விழும். கரண்டியும் மாறாது. கடற்கரையில் மீன் வறுக்கும் கடைகளில் வஞ்சிரம், இறால், நண்டு எல்லாம் ஒரே எண்ணெயில்தான் வேகின்றன. கொத்து பரோட்டாக் கல்லிலும் இதே கதைதான். இது கண்ணுக்குத் தெரிகிற வழி. தெரியாத வழியும் உண்டு. தாய்லாந்து கறி விழுதில் பெரும்பாலும் இறால் விழுது சேர்த்திருப்பார்கள். மலேசிய சம்பலில் பெலாச்சான் இருக்கும், அதுவும் இறால்தான். ஆய்ஸ்டர் சாஸ் சிப்பிச் சாற்றில் செய்வது. 'கிராப் ஸ்டிக்' என்று விற்பது மீன் கூழ் என்றாலும், பலவற்றில் நண்டுச் சாறும் கலந்திருக்கும். நம் ஊர் மெஸ்களில் காரக்குழம்புக்குக் கூனிப்பொடி (குட்டி இறாலைக் காயவைத்து அரைத்த பொடி) தூவுகிற பழக்கம் உண்டு. அதை யாரும் பலகையில் எழுதி வைப்பதில்லை.

சரி, இப்போது என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு இரவு வந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது அவருடைய அம்மா கேட்டார்: "கடையில நரம்பு சரியா எடுத்திருக்க மாட்டாங்க டாக்டர். காசிமேட்டுல ஃப்ரெஷ்ஷா வாங்கி, மஞ்சள் போட்டுக் கழுவி, நானே கொஞ்சமா செஞ்சு குடுத்துப் பார்க்கட்டுமா?" வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள்.

இறாலின் முதுகில் கறுப்பாக ஓடுவது நரம்பே இல்லை. அது குடல். இறால் தின்றதும் அதன் கழிவும் அதில் இருக்கின்றன. எடுத்துவிட்டுச் சமைத்தால் மண் நறநறக்காது, சுத்தமாக இருக்கும். அவ்வளவுதான். ஒவ்வாமையை முக்கியமாகத் தூண்டுவது ட்ரோபோமயோசின் என்ற புரதம், அது இறாலின் சதையிலேயே இருக்கிறது. குடலை எடுத்தால் போகாது. மஞ்சள் போட்டால் போகாது. கொதிக்கவைத்தாலும் போகாது, அது சூட்டைத் தாங்கும் புரதம். இறால் வேகும் ஆவி பட்டே மூச்சுத்திணறல் வருகிறவர்களும் இருக்கிறார்கள். படகிலிருந்து உயிரோடு இறங்கிய இறாலிலும் அதே புரதம்தான். இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும், சாப்பிட்டால் முகம் சிவந்து அரிக்கும். அது கெட்ட மீனால் வருவது, யாருக்கும் வரலாம். இறால் ஒவ்வாமை வேறு நோய். தயவுசெய்து வீட்டில் 'கொடுத்துப் பார்க்காதீர்கள்'. பரிசோதனை வேண்டுமென்றால் ஒவ்வாமை நிபுணரிடம் போங்கள்.

"இத்தனை வருஷமா சாப்பிட்டேனே" என்பதும் பதில் அல்ல. பலருக்கு இது பெரியவர்களான பிறகுதான் ஆரம்பிக்கிறது. முதல் தடவை வெறும் வாய் அரிப்போடு போயிருக்கலாம், அடுத்த தடவை அப்படியே போகும் என்று நம்பிவிடாதீர்கள். இறால் ஆகாதவர்கள் நண்டையும் தவிர்க்க வேண்டும். கணவாய், சிப்பி எல்லாம் சோதித்துத் தெரியும்வரை வேண்டாம். (இன்னொரு விஷயம்: இறால் ஒவ்வாமை இருப்பதால் சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து ஆகாது என்று பயப்பட வேண்டாம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.)

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை நடந்த தவறு. தடிப்பு வந்ததும் ஒரு செட்டிரிசின் மாத்திரை போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் காத்திருந்திருக்கிறார். அந்த மாத்திரை அரிப்பைக் குறைக்கும், தொண்டை வீக்கத்தையும் இறங்குகிற ரத்த அழுத்தத்தையும் நிறுத்தாது. அதற்கு அட்ரினலின்தான் மருந்து. குரல் மாறினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால், தடிப்போடு வாந்தியும் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்கக் கூடாது. பைக்கில் நடுவில் நிமிர்த்தி உட்காரவைத்து வந்தது பெரிய ஆபத்து. சரியானதும் ஓடிவிடாதீர்கள், சில மணி நேரம் கழித்து அதே பாதிப்பு மறுபடி வரலாம். ஆஸ்துமா இருந்தால் இரட்டைக் கவனம் தேவை. தானாகப் போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, அதனால் நேரம்தான் எல்லாமே.

கிளினிக் வைத்திருக்கும் சக மருத்துவர்களுக்கும் ஒன்று: அவில் (அரிப்பு மருந்து), டெக்சா (ஸ்டீராய்டு) மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். முதலில் அட்ரினலின், அதுவும் தொடைத் தசையில். பெரியவர்களுக்கு அரை மில்லி.

ஆர்டர் கொடுக்கும்போது "இறால் போடாதீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எனக்கு இறால் பட்டாலே மூச்சு நின்னுடும், இதே கடாயில இறால் செஞ்சீங்களா?" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். பாக்கெட் உணவில் இறாலோ நண்டோ இருந்தால் அச்சிட்டே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. தள்ளுவண்டியில் லேபிள் கிடையாது, வாய்விட்டுக் கேட்பதுதான் வழி.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் அப்படிக் கேட்கும்போது அவசரத்தில் "இல்ல சார்" என்று சொல்லிவிடாதீர்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் "தெரியாது சார், நீங்க வேற ஏதாவது சாப்பிடுங்க" என்று சொல்லுங்கள்.