அடுத்தவர் தடுமாற்றம், நம் கன்னத்தில் சூடு

பள்ளி ஆண்டு விழாவில் பேச வந்த ஒரு சிறுமி, பாதியில் பேச்சு மறந்துபோய் மைக்கின் வயரைத் திருகியபடி நின்றபோது, தனக்குக் கன்னம் சுட்டுத் தலை தானாகக் குனிந்துகொண்டதாக எழுதி, அதன் காரணத்தைக் கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. ஜெர்மானியர்கள் இதற்கு ‘ஃப்ரெம்ட்ஷேமன்’ என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். நாம் உடம்பு கூசிற்று என்கிறோம். பல் கூசுவதற்கும் கண் கூசுவதற்கும் அதே சொல்தான்.

‘கூசிற்று’ என்ற அச்சொல் பொருத்தமானது என்பதை ஜெர்மனியில் சோரன் க்ராக் குழுவினர் 2011இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வு காட்டுகிறது. பிறருடைய சங்கடமான நிலைகளைப் பார்த்தவர்களிடம், மூளையின் முன் சிங்குலேட் புறணி, இடது முன் இன்சுலா என்ற இரு பகுதிகளும் செயல்பட்டன. பிறர் வலியைக் கண்டு நாம் துடிக்கும்போது செயல்படும் பகுதிகளும் இவையே. பேண்ட் ஜிப் திறந்திருப்பதை அறியாமல் நடப்பவருக்கு வெட்கமே இல்லை, ஆனால் பார்க்கும் நமக்கு உண்டு; ஆகவே இது வெறுமனே அவரிடமிருந்து தொற்றிக்கொள்ளும் உணர்ச்சி அன்று, அவர் இடத்தில் நம்மை வைத்து மூளை போடும் கணக்கு.

அதன்பின் இதயம் படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் பதற்றத்தில் உடலைத் தானாக உசுப்பும் பரிவு நரம்புகளின் வழக்கமான வேலை. கன்னத்தில் நடப்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. பதற்றத்தில் இதே நரம்புகள் கை விரல்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் விரல்கள் சில்லிட்டுப்போகின்றன. ஆனால் முகத்துச் சிரைகளில் அட்ரினலினை ஏற்றுக் குழாயை விரியச் செய்யும் பீட்டா ஏற்பிகள் இருப்பதால், அங்கே இரத்தம் தேங்கிக் கன்னம் சூடேறுகிறது. கட்டளை ஒன்று, ஒரே உடம்பில் விளைவோ நேரெதிர்! மாநிறத் தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், சூடு ஏறாமல் போவதில்லை.

இந்தச் சூட்டை அளக்கவும் முடியும். நண்பர் சங்கடப்படுவதைப் பார்ப்பவரின் கன்னம், அந்நியரைப் பார்ப்பவரின் கன்னத்தைவிட அதிகம் சிவக்கிறது என்று 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கண்டது. தோலின் வெப்பத்தை அளக்கும் கருவி ஒன்றும் கோடி ரூபாய் சமாச்சாரம் இல்லை. நம் கல்லூரி உளவியல் துறைகளுக்குச் சிறு நிதி ஒதுக்கினாலே, மேடையில் தடுமாறும் பிள்ளையைப் பார்க்கையில் அத்தையின் கன்னம் அதிகம் சூடாகிறதா, பக்கத்து வீட்டுக்காரரின் கன்னமா என்று இங்கேயே அளந்து பார்த்துவிடலாம்.