தேனீக்கு நோய் என்று தேடினால் தேனே மருந்தாக வந்து நிற்பது ஏன்?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார். அப்பா தேன் பெட்டி வைத்துத் தொழில் செய்பவர், ரப்பர் தளிர்விடும் சமயத்தில் பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் வைப்பவர். மகளுக்குத் தேனீ நோய் பற்றிக் கல்லூரியில் புராஜெக்ட். 'தேனீக்களுக்கு என்ன நோய் வரும்' என்று கூகுளில் போட்டால், தேன் குடித்தால் என்னென்ன நோய் போகும் என்றுதான் வந்து கொட்டுகிறதாம். வெந்நீரில் தேன், இஞ்சிச் சாற்றில் தேன், வெறும் வயிற்றில் தேன். "எனக்குத் தேடத் தெரியவில்லையா சார்?"

பாதி அப்படித்தான் மக்களே. மீதிப் பாதி உங்கள் தப்பில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நாம் பொத்தானை அமுக்கியதும் தேடுபொறி இணையம் முழுக்க ஓடித் தேடுவதில்லை. முன்பே ஊர் சுற்றிப் பக்கங்களையெல்லாம் படித்து, பெரிய புத்தகத்தின் கடைசியில் இருக்குமே, அதுபோல ஒரு சொல்லடைவு போட்டு வைத்திருக்கிறது. 'தேனீ' எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது, 'நோய்' எந்தெந்தப் பக்கத்தில் என்று, பக்க எண்கள் வரிசையாக. இரண்டு சொல்லும் இருக்கும் பக்கம் வேண்டுமா? இரண்டு பட்டியலிலும் ஒவ்வொரு விரலை வையுங்கள். எந்த விரல் சிறிய எண்ணில் நிற்கிறதோ அதைக் கீழே நகர்த்துங்கள். இரண்டும் ஒரே எண்ணில் வந்து நின்றால் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மறுபடி நகர்த்துங்கள். அடிப்படையில் இவ்வளவுதான்.

ஆனால் எடுத்த ஆயிரம் பக்கங்களில் எது முதலில் வரவேண்டும்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. 1972ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பெண்மணி ஒரு யோசனை சொன்னார்: எல்லாப் பக்கத்திலும் இருக்கும் சொல்லுக்கு மதிப்பு குறைவு, அபூர்வமான சொல்லுக்கு மதிப்பு அதிகம். கணக்கு பள்ளிக்கூட மடக்கைதான் (லாக் என்போமே, எத்தனை பத்துகளைப் பெருக்கினால் அந்த எண் வரும் என்பது). மொத்தம் 10 லட்சம் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 'என்ன' 10 லட்சத்திலும் இருக்கிறது. மொத்தத்தை அதால் வகுத்தால் 1, மடக்கை 0. 'தேனீ' 1 லட்சத்தில். வகுத்தால் 10, மடக்கை 1. 'சாக்ப்ரூட்' என்ற தேனீ நோயின் பெயர் வெறும் 100 பக்கத்தில். வகுத்தால் 10,000, மடக்கை 4. ஆக, நீங்கள் மரியாதையாகக் கேட்ட 'என்ன'வுக்கு மதிப்பு பூச்சியம்! ஒரே ஒரு அபூர்வச் சொல் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. இன்றைய தேடுபொறிகள் பக்கங்களுக்கு இடையிலான இணைப்புகள், சொல்லின் பொருள் என்று இன்னும் எத்தனையோ பார்க்கின்றன, இருந்தாலும் அபூர்வச் சொல்லின் பலம் குறையவில்லை.

சாக்ப்ரூட் என்பது வைரஸ் நோய். கூட்டுப்புழுவாக மாறவேண்டிய புழு மாறாமல், நீர் கோத்த பை மாதிரி ஆகிச் செத்துப்போகும். நம் பெட்டிகளில் இருக்கும் இந்தியத் தேனீயைத் தாக்கும் வகைக்குத் தாய் சாக்ப்ரூட் என்று பெயர் (தாய் என்றால் தாய்லாந்து, பெற்ற தாய் அல்ல). 1991-92ல் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்தது இதுதான். அப்பாவுக்கு நினைவிருக்கும், கேளுங்கள்.

அந்தச் சொல்லே தெரியாதவர் எப்படித் தேடுவார் என்பீர்கள். அதனால்தான் முதல் தேடலில் பதிலைத் தேடாதீர்கள், சொல்லைத் தேடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் தேனீ நோய்கள் பக்கத்தைத் திறந்து நோய்ப் பெயர், கிருமிப் பெயர், இந்தியத் தேனீயின் அறிவியல் பெயரான ஏபிஸ் செரானா என்று நாலைந்தைப் பொறுக்குங்கள். பிறகு அவற்றைப் போட்டு, சேர்ந்தே வரவேண்டிய சொற்களுக்கு இரட்டை மேற்கோள்குறி இடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி. ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒரு நல்ல கட்டுரை மாட்டினால் அதன் கீழே, அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளுக்கு ஒரு சுட்டி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே இன்றைய ஆய்வு வரை வந்துவிடலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையதளம், இலவசம்.

அறிவியல் பெயர் ஏன் என்றால், நாம் மரச்சீனி என்போம், வடக்கே மரவள்ளி என்பார்கள், சேலத்துப் பக்கம் குச்சிக்கிழங்கு. சொல்லடைவுக்கு மூன்றும் மூன்று வேறு சொல். மணிஹோட் எஸ்குலென்டா என்றால் உலகத்துக்கே ஒன்றுதான். போதாததற்கு தேனீ, தேனீக்கு, தேனீக்களை என்று நம் சொற்கள் வால் முளைத்துக்கொண்டே போகும். அதை வெட்டி வேரைக் கண்டுபிடிப்பது தமிழில் லேசுப்பட்ட வேலையில்லை.

இப்போது உங்கள் தப்பில்லாத பாதி. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் தேனீ ஆய்வு பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரையாக முடங்கிவிடுகிறது, தமிழில் ரெண்டு பக்கம் எழுதிப்போட யாருக்கும் சம்பள உயர்வு இல்லை. தேன் வைத்தியம் எழுதுகிறவருக்கோ விளம்பரக் காசு வருகிறது. தமிழ்ச் சொல்லடைவு அவர்களால் நிரம்பிக் கிடந்தால் தேடுபொறி எதைத்தான் எடுத்துக் கொடுக்கும்? ஆய்வுக்கு நிதி கொடுக்கும்போதே தமிழ்ச் சுருக்கம் கட்டாயம் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

போன வாரம் அந்த மாணவி மறுபடி எழுதியிருந்தார். தாய் சாக்ப்ரூட் பற்றி ஓர் ஆய்வேடு கிடைத்துவிட்டதாம். ராத்திரி ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா நடுநடுவே "அது அப்படியில்லை" என்கிறாராம்.