‘கட்சி சார்பற்ற’: ஒரு பேனர்ல வந்த வினையும் அந்தச் சொல்லோட பூர்வீகமும்

ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம் வருதே, ஏரியால கோலப்போட்டி வெச்சு அப்படியே பேர் சேர்க்கிற ஃபார்மும் கொடுத்துடுவோம்னு முடிவு பண்ணி பேனருக்குச் சொல்லிட்டு வந்தோம். நாங்கன்னா மதுரை ஆனையூர் பக்கம் பத்துப் பன்னெண்டு பேரு, ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர், வக்கீல் அண்ணே ஒருத்தர், ஜெராக்ஸ் கடை தம்பி, மகளிர் குழு அக்காமாரு நாலு பேரு, இப்படி. எந்தக் கட்சிக்கும் ஓட்டு கேக்கறதில்ல, ஓட்டு போடுங்கன்னு மட்டும் சொல்றது, லிஸ்ட்ல பேர் இல்லாதவங்களுக்கு ஃபார்ம் 6, வீடு மாறினவங்களுக்கு ஃபார்ம் 8 எழுதிக் கொடுக்கறது, அவ்ளோதான் எங்க வேலை.

ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல டிசைன் வந்துச்சு. பின்னாடி சூரியன் உதிக்குது. நடுவுல அஞ்சு விரலும் விரிச்ச கை, ஒரு விரல்ல மை. கீழ ஓரத்துல அழகா ஒரு செடி முளைக்குது, அதுல சரியா ரெண்டே ரெண்டு இலை. மனுசன் வேணும்னு பண்ணல, நெட்ல கிடைச்ச படத்த எடுத்து ஒட்டியிருக்காரு, ஆனா பல வருசமா எதிரும் புதிருமா நிக்கிற கட்சியெல்லாம் எங்க பேனர்ல ஒரே ராத்திரில கூட்டணி ஆயிருச்சு. நாங்க எல்லாரும் படத்தப் பார்த்து சிரிச்சுட்டு இருக்கும்போது வாத்தியார் மட்டும் எழுத்தப் பெருசு பண்ணிப் பார்த்துட்டு ஒரு வாய்ஸ் நோட் போட்டாரு, “தம்பிகளா, படம் கெடக்கட்டும், எழுத்தப் படிங்க”ன்னு.

‘கட்சி சார்புற்ற வாக்காளர் விழிப்புணர்வுக் குழு.’

சார்பற்ற இல்ல, சார்புற்ற. ‘ப’வுக்கு கீழ ஒரு சின்ன சுழி கூட விழுந்து மொத்தமும் தலைகீழா போச்சு. அற்ற அப்படிங்கிறது ‘அறு’ல இருந்து வர்றது, கயிறு அறுந்து போச்சுன்னு சொல்றோமே அதே அறு, அறுந்து இல்லாம போனது. உற்ற அப்படிங்கிறது ‘உறு’, வந்து சேர்றது, ஒட்டிக்கிறது, உற்றார் உறவினர்ல வர்ற உற்ற. அதாவது எங்க பேனர் சொல்லுது, நாங்க கட்சியோட ஒட்டுனவங்கன்னு. வாத்தியார் விடுவாரா, அன்னைக்கே மூதுரைய எடுத்துட்டாரு, ‘அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல் உற்றுழித் தீர்வார் உறவல்லர்’, அற்றவும் உற்றவும் பக்கத்து பக்கத்துல நிக்குது பாருங்கன்னாரு. தண்ணி வத்துன குளத்த விட்டுப் பறக்கிற பறவை மாதிரி கஷ்டம் வந்தா ஓடிப்போறவன் உறவில்லன்னு அர்த்தம். தேர்தல் நேரத்துல இந்தப் பாட்டப் படிச்சா வேற யாரோ ஞாபகத்துக்கு வருவாங்க, அத நான் சொல்லக்கூடாது, நாங்க சார்பற்றவங்க.

சரி, இந்த வம்புல இருந்துதான் இந்தச் சொல்லையே கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்னு ஆரம்பிச்சேன். மூணு துண்டு இருக்கு, கட்சி, சார்பு, அற்ற. அற்ற முடிஞ்சுது. சார்பு நல்ல தமிழ், ‘சார்’ங்கிற வினை, சுவத்துல சாஞ்சு நிக்கிறோமே அந்த மாதிரி ஒன்னப் பிடிச்சு நிக்கிறது. இதுல பெரிய கதை ஒன்னும் இல்ல. கதையெல்லாம் ‘கட்சி’லதான்.

சங்க இலக்கியத்துல கட்சி உண்டு, ஆனா அதுக்குக் கொடியும் கிடையாது கூட்டணியும் கிடையாது. புறநானூறு 202ல கபிலர் ‘கட்சி காணாக் கடமா நல்லேறு’ன்னு பாடுறாரு, வேட்டைக்காரங்க விரட்டுன காட்டெருமைக் காளை ஒதுங்க இடம் கிடைக்காம ஓடுது. அங்க கட்சின்னா புகலிடம், அடைக்கலமா போய் ஒதுங்குற இடம். இப்பவும் வழக்கு விசாரணைன்னு விரட்டுனா சில பேரு நல்லா ஒதுங்கத் தெரிஞ்ச கட்சியாப் பார்த்துத்தான் போறாங்க, ஆனா அந்தக் கட்சிக்கும் நாம இன்னைக்கு சொல்ற கட்சிக்கும் சம்பந்தம் இருக்கற மாதிரி எனக்குத் தெரியல, எழுத்து ஒன்னாப் போச்சு, அவ்ளோதான்.

இன்னைக்கு நாம சொல்ற கட்சி ‘கக்ஷி’. பழைய பத்திரிகைல எல்லாம் கக்ஷின்னே போடுவாங்க. மலையாளத்துல இன்னைக்கும் சர்வகக்ஷி யோகம்னுதான் சொல்றாங்க, கன்னடத்துல கேஸ் நடத்துறவருக்கு கக்ஷிதாரர்னு பேரு. வடமொழியில கக்ஷம்னா அக்குள், விலாப்பக்கம், அதுல இருந்து ‘பக்கம்’ங்கிற அர்த்தத்துக்கு வந்துச்சும்பாங்க. நம்ம ஊர்ல கக்கத்துல இடுக்கிக்கிட்டுன்னு சொல்றோமே, அந்தக் கக்கமும் இந்தக் கட்சியும் அப்படிப் பார்த்தா பங்காளிங்க. தோள்ல கிடக்குற துண்டு பெரிய மனுசன் எதிர்ல வந்தா கக்கத்துக்குப் போயிடுறத பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஒறவு பொருத்தமாத்தான் படுது.

ஆனா நம்ம ஆளுங்க வாய்ல கட்சி அரசியலுக்கு மட்டும் இருக்கல, அதத்தான் முக்கியமாச் சொல்லணும். சடுகுடு விளையாடுறப்ப ரெண்டு கட்சியாப் பிரிங்கடாம்போம். மாசி மாசம் காமன் பண்டிகை லாவணில எரிஞ்ச கட்சி, எரியாத கட்சின்னு ரெண்டு, சிவன் நெத்திக்கண்ணத் தொறந்தப்ப மன்மதன் எரிஞ்சானா எரியலையான்னு விடிய விடியப் பாடுவாங்க, விடிஞ்சதும் ரெண்டு கட்சியும் ஒரே டீக்கடைல உக்காந்திருக்கும். அங்க கட்சிங்கிறது சும்மா ஒரு பக்கம், ராத்திரிக்கு மட்டும் எடுத்துக்கிட்ட பக்கம்.

அப்புறம் வக்கீல்கள் பேச்சு. வக்கீலுக்கு அவரோட கேஸ்காரர்தான் கட்சிக்காரர். எங்க வக்கீல் அண்ணே ஒத்தக்கடை பக்கம் ஐகோர்ட்டு பெஞ்சுக்குப் போய்ட்டு வர்றவரு, ஒரு நாள் வீடு வீடா போய்ட்டு இருக்கும்போது போன் வந்துச்சு, “என் கட்சிக்காரர் ரெண்டு பேரு வெயிட் பண்றாங்க, நான் கெளம்பறேன்”னு சத்தமா சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டாரு. ஃபார்ம் எழுத உக்காந்திருந்த அக்கா பேனாவ மூடி வெச்சுட்டு என்னப் பார்த்துச்சு பாருங்க, “அப்ப நீங்களும் அந்த ஆளுங்கதானா தம்பி”ன்னு. அதத் தெளிய வெக்க அரை மணி நேரம், ஒரு டம்ளர் மோர்.

இங்கிலீஷ்காரங்க சொல்ற நான்பார்ட்டிசன் எங்கிருந்து வருதுன்னு பார்த்தா பார்ட்டி, அதுக்கு மேல லத்தீன்ல பார்ஸ், பங்கு, துண்டு. முழுசுல இருந்து பிரிஞ்ச ஒரு பகுதிதான் பார்ட்டி. இது தெரிஞ்சதும் எனக்கு டக்குனு பொறி தட்டுச்சு, தமிழ்ல இதுக்கு அச்சு அசலா ஒரு சொல்லு இருக்கு, பால். பகுக்கறதுல இருந்து வந்தது, ஆண்பால், பெண்பால், அறத்துப்பால்ல எல்லாம் வர்றது. அதே பால் திருக்குறள் 118ல வருது, ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி’. ஒரு பால் கோடாமை, ஒரு பக்கமா வளையாம நிக்கிறது. லத்தீன்காரன் பார்ஸ்னு சொல்ற எடத்துல வள்ளுவர் பால்னு போட்டுட்டுப் போயிட்டாரு. கோல் வளைஞ்சா என்ன ஆகும்னு மதுரைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, ஊரே எரிஞ்ச கதை நம்ம கதை.

அதனால ‘ஒருபால் கோடாக் குழு’ன்னு வெச்சுடலாமான்னு வாத்தியார்ட்ட கேட்டேன், ரொம்ப சந்தோசப்பட்டாரு, ஜெராக்ஸ் கடை தம்பிதான் “பால் சொசைட்டின்னு நெனச்சு தூக்கோட வந்துருவாய்ங்க சார்”னு முடிச்சு வெச்சான்.

அந்தக் குறள் இருக்கிற அதிகாரம் நடுவு நிலைமை. அப்ப நடுநிலைன்னே சொல்லிட்டுப் போலாமேன்னு பாதிப்பேர் நினைப்பாங்க, பேப்பர்லயும் ரெண்டையும் ஒன்னாத்தான் போடுறாங்க. எனக்கு உடன்பாடு இல்ல. நடுநிலைன்னதும் நமக்கு நடுவர் ஞாபகம் வந்துடும், பட்டிமன்றம் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊரு இது, நடுவர்னா ரெண்டு பக்கமும் கேட்டுட்டு கடைசில மணி அடிச்சு தீர்ப்பு சொல்லணும். நாங்க தீர்ப்பு சொல்ற ஆளுங்களே கிடையாது. இன்னொன்னு, எங்க குழுவுல இருக்கிற ஆளு ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா ஒரு கட்சி மனசுல இருக்கு, ரெண்டு பேரு கார்டே வெச்சிருக்காங்க, அவங்கள நடுநிலைன்னா அவங்களே சிரிப்பாங்க. ஆளுக்கு சார்பு இருக்கலாம், குழுவுக்கு இருக்கக்கூடாது, இந்த வித்தியாசம் நடுநிலைங்கிற சொல்லுல வரவே மாட்டேங்குது. அதுக்குத்தான் எங்ககிட்ட ஒரு சட்டம், குழு வேலைக்கு வர்ற அன்னைக்கு கரைவேட்டி வீட்ல இருக்கணும், சட்டைப் பைல தலைவர் படம் தெரியக்கூடாது.

சுயேச்சைங்கிறது இன்னொரு குழப்பம், கட்சி இல்லன்னா சுயேச்சையான்னு கேப்பாங்க. அது சுய இச்சை, தன் விருப்பத்துக்கு நிக்கிற வேட்பாளர், நாங்க எங்கயும் நிக்கல. நோட்டாவுக்கு ஆள் பிடிக்கிறீங்களான்னும் கேட்டிருக்காங்க. 2013ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புல வந்த பட்டன் அது, அதையும் நாங்க அமுத்தச் சொல்றதில்ல, அமுத்தாதேன்னும் சொல்றதில்ல.

இந்தச் சொல்லு சட்டத்தோட வாசப்படில நிக்கிற எடம் ஒன்னு இருக்கு, கிராம ஊராட்சித் தேர்தல். தமிழ்நாட்டுல ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சி சார்பில்லாமத்தான் நிக்கணும், கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டு சாவி மாதிரி பொதுச் சின்னம்தான். அதே நாள்ல அதே பூத்ல ஒன்றிய கவுன்சிலருக்கு பச்சைச் சீட்டு, மாவட்டத்துக்கு மஞ்சள் சீட்டு, அதுல எல்லாம் கட்சிச் சின்னம் இருக்கும், தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டுல இருக்காது. ஊர்ல யாரு எந்தக் கட்சின்னு ஆட்டுக்குட்டிக்கும் தெரியும், அது வேற.

ஆனா கட்சிய எடுத்துட்டா பக்கமும் போயிடும்னு நினைக்கிறவங்க உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தடவ யோசிச்சுப் பார்க்கணும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, மதுரை மாவட்டத்துலயே நாட்டார்மங்கலம், அந்தப் பக்கம் விருதுநகர் மாவட்டத்து கொட்டக்கச்சியேந்தல், இந்த நாலு ஊராட்சிக்கும் 1996ல தலைவர் பதவிய பட்டியல் சாதிக்காரங்களுக்கு ஒதுக்குனாங்க. அப்புறம் பத்து வருசம். மனு போட ஆள் வராது, வந்தா தடுக்கப்படுவாங்க, அப்படியே ஜெயிச்சா மறுநாளே ராஜினாமா. 2006 அக்டோபர்லதான் தேர்தல் ஒழுங்கா நடந்து தலைவருங்க நாற்காலில உக்காந்தாங்க. அந்தப் பத்து வருசமும் சீட்டுல எந்தக் கட்சிச் சின்னமும் கிடையாது. சட்டப்படி முழுசா கட்சி சார்பற்ற தேர்தல். சார்பு வேற எங்க ஒக்காந்திருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் இந்த ‘அற்ற’ங்கிற வாலு மேல எனக்கு ரொம்ப நம்பிக்கை கிடையாது, அது எது இல்லன்னு மட்டும் சொல்லுது, யாருக்காக வந்திருக்கோம்னு சொல்லல.

இத எனக்கு சொல்லிக் கொடுத்தது ஒரு அப்பத்தா. ஆனையூர் உள்தெருவுல, திண்ணைல உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுட்டு இருந்தாங்க.

“என்ன கட்சிப்பா?”

“கட்சி சார்பற்ற குழு அப்பத்தா.”

“புதுசா ஆரம்பிச்சிருக்காகளா? என்ன சின்னம்?”

சின்னம் இல்லன்னேன். சின்னம் இல்லாம எப்படிய்யா குத்துறதுன்னாங்க. நான் மறுபடி விளக்க ஆரம்பிச்சேன், எந்த ஒரு அரசியல் அமைப்பையும் சாராமன்னு இழுத்தேன், பக்கத்துல நின்ன மகளிர் குழு அக்கா என்னய ஒதுக்கிட்டு ஒரே வார்த்தை சொன்னாங்க, “பொதுவா வந்திருக்கோம் அப்பத்தா.” கீரைய ஒதுக்கி வெச்சுட்டு அப்பத்தா உள்ள போய் ரேஷன் கார்டு, ஆதார், பேத்தி பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட் எல்லாம் மஞ்சப்பையோட தூக்கிட்டு வந்துட்டாங்க, பேத்திக்கு பதினெட்டு முடிஞ்சிருச்சு, பேர் சேக்கணுமாம்.

பொது. இத விட நல்ல தமிழ் இதுக்கு இல்லன்னு நான் சொல்லுவேன். ஊர்ப்பக்கம் பஞ்சாயத்துல “பொதுவாப் பேசு”ம்பாங்க, ஒரு ஆளுக்காகப் பேசாதன்னு அர்த்தம். பொதுவான ஆளுன்னா எந்த வீட்டு விசேசத்துக்கும் தயங்காமப் போய் நிக்கக்கூடியவர். இலக்கியத்துல ஊரு கூடுற மன்றத்துக்கே பொதியில்னு பேரு, பொது இல், எல்லாருக்குமான வீடு. கபிலர் மட்டும் புறநானூறு 121ல மலையமான்கிட்ட ‘பொதுநோக்கு ஒழிமதி புலவர் மாட்டே’ன்னு கோவிச்சுக்கிறாரு, புலவங்க எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்காதய்யா, தரம் பார்த்து மதின்னு. பரிசில்னா அது சரி. வாக்காளர் லிஸ்ட்ல கபிலருக்கும் ஒரு ஓட்டுதான்.

2019ல நாங்க செஞ்ச வேலைக்கும் இந்தச் சொல்லுதான் பொருந்தும். ஏப்ரல் 18 ஓட்டு, அன்னைக்கே மீனாட்சி தேரோட்டம், மறுநாள் அழகர் ஆத்துல இறங்குறாரு. மதுரைல மட்டும் ராத்திரி 8 மணி வரைக்கும் பூத் தொறந்திருக்கும்னு அறிவிச்சாங்க. நாலு மாசி வீதியும் ஜனம், நாங்க சொன்னது ஒன்னே ஒன்னுதான், தேரு நெலைக்கு வந்தப்புறமும் போடலாம், சாவகாசமா வாங்கன்னு. எல்லாத்துக்கும் பொதுவான சேதி, எந்தக் கட்சிக்காரரும் முகம் சுளிக்கல.

எழுத்துத் தமிழ்ல அரசாங்கத்துக்கு மனு போட்டா ‘கட்சி சார்பற்ற’ன்னே போடுங்க, அதுதான் ஆபீஸ்ல புரியும். கட்டுரை எழுதுறவங்க ‘கட்சி சாரா’ன்னு சுருக்கிக்கலாம், கொஞ்சம் காதுக்கு நல்லாருக்கு, சுழி விழுந்து கெட்டுப் போகவும் வழியில்ல. ஒரு ஆளோட குணத்தச் சொல்லணும்னா நடுநிலை. வாசல்ல நின்னு பேசறப்ப பொதுதான்.

பேனர் கடைக்குத் திரும்பப் போனோம். சூரியன் வேணாம், கை வேணாம், மை வெச்ச ஒத்த விரல் மட்டும் போடுங்க, செடிய எடுத்துடுங்கன்னு சொன்னேன். கலர்லதான் பாடுபட்டோம், பச்சை, மஞ்ச, சிவப்பு, நீலம், காவி எத எடுத்தாலும் யாரோ ஒருத்தர் குத்தகைக்கு எடுத்து வெச்சிருக்காங்க, கடைசில சாக்குக் கலர்னு முடிஞ்சுது. எழுத்த ‘வாக்காளர் விழிப்புணர்வு பொதுக் குழு’ன்னு மாத்துங்கன்னேன். டைப் பண்ணி முடிச்சுட்டு கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பார்த்தாரு.

“பொதுக்குழுவா? அப்ப பொதுச்செயலாளர் யாருண்ணே, போட்டோ கொடுத்துருங்க, மேல வட்டத்துக்குள்ள வெச்சுர்றேன்.”